தளர்ந்த கைகளைத் தாங்கியவர்கள்

(வானொலி மறையுரை, எழுத்து வடிவில். பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: விப 17:8-13; திபா 121; 2 திமொ 3:14-4:2; லூக் 18:1-8)

இன்றைய சிந்தனையைத் தொடங்குமுன் உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்திலேயே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பாருங்கள். கையில் எதுவும் வேண்டாம், வெறுங்கை போதும். முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது நிமிடத்தில் தோள்பட்டை கனக்கத் தொடங்கும். ஐந்தாவது நிமிடத்தில், கைகள் தாமாகவே இறங்கப் பார்க்கும். நான் இந்த மறையுரையைத் தயாரித்தபோது அறையைப் பூட்டிக்கொண்டு முயன்று பார்த்தேன். ஏழு நிமிடங்களைத் தாண்ட முடியவில்லை.

இன்றைய முதல் வாசகத்தில் மோசே காலை முதல் கதிரவன் மறையும்வரை கைகளை உயர்த்தியபடி இருந்தார் என்று கேட்டோம். அவருடைய வயதையும் நினைத்துப் பாருங்கள். பார்வோனிடம் பேசப் போனபோதே மோசேக்கு 80 வயது, அவருடைய அண்ணன் ஆரோனுக்கு 83 வயது என்று விடுதலைப் பயண நூலின் 7ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆக, இரபிதிம் குன்றின் உச்சியில் நடந்தது வீரர்களின் கதையல்ல. 80 வயதைக் கடந்த ஒரு முதியவரின் கை சோர்கிறது. அவரைவிட மூத்த ஒருவர் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்கிறார். மறுபக்கம், கூர் என்று ஒருவர். இந்தக் கூரைப் பற்றி விவிலியம் அதிகம் பேசவில்லை. பின்னர் மோசே சீனாய் மலைமீது ஏறிப் போகும்போது, மக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆரோனிடமும் இவரிடமும் விட்டுச் செல்கிறார். மற்றபடி, மறையுரைகளில் பெயர் சொல்லப்படாமலே போய்விடுகிற மனிதர் அவர்.

இந்த வாசகத்தைச் செபத்தின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லித்தான் நாம் பழகியிருக்கிறோம். மோசே கை உயர்த்தினால் வெற்றி, தாழ்த்தினால் தோல்வி என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருப்போம். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் பேசி வந்தேன். கடந்த தவக்காலத்தில் இராசபாளையத்தில் மூன்று நாள் தியானம் கொடுக்கச் சென்றிருந்தபோது, ஒரு தாய் கேட்ட கேள்வி என்னைத் திருத்தியது.

இரண்டாம் நாள் மாலை இந்த மோசே நிகழ்வைத்தான் நான் எடுத்துப் பேசினேன். நன்றாகப் பேசிவிட்டதாக ஓர் எண்ணமும் எனக்கு இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு, கோவில் வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் ஓர் அம்மா நின்றிருந்தார். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். அவருடைய கணவர் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை பார்த்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பில் அடி. படுத்தவர் எழவில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். வாரந்தோறும் தவணை கட்டவேண்டிய கடன் இரண்டு. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கேட்டார்:

"சாமி, மோசேக்குக் கை சோர்ந்தப்போ புடிச்சுக்க ரெண்டு பேரு இருந்தாங்க. எனக்கு யாரு இருக்கா? ஜெபம் பண்ணு, ஜெபம் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. கையத் தூக்கவே தெம்பு இல்லையே சாமி, நான் எங்க போயி ஜெபம் பண்ண?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "உங்களுக்காகச் செபிக்கிறேன் அம்மா" என்றேன். எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

அன்று இரவு வாசகத்தைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். அதுவரை கண்ணில் படாத ஒன்று அப்போது பட்டது. மோசேயின் கை தளர்ந்ததை விவிலியம் ஒரு குற்றமாகச் சொல்லவேயில்லை. "உன் நம்பிக்கை எங்கே போயிற்று?" என்று ஆரோன் அவரைக் கேட்கவில்லை. இன்னும் உறுதியாகக் கையைத் தூக்கு என்று கூர் புத்திமதி சொல்லவில்லை. அவர்கள் முதலில் செய்தது, ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து அவரை உட்கார வைத்தது. நின்றுகொண்டே செபித்தால்தான் செபம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அதன் பிறகுதான் ஆளுக்கொரு பக்கமாகக் கையைத் தாங்கினார்கள். முதலில் உட்காரக் கல், அதன்பின் தோள் என்ற இந்த வரிசையை நாம் கவனிக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் போருக்குச் சற்று முன்னால், அதே இரபிதிமில்தான் மக்கள் தண்ணீர் இல்லாமல் முணுமுணுத்தார்கள். ஆண்டவர் நம்மோடு இருக்கிறாரா இல்லையா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். மாசா, மெரிபா என்று அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. பாறையிலிருந்து தண்ணீர் வந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் அமலேக்கியர் வந்துவிட்டார்கள். ஒரு துன்பம் தீர்ந்ததும் அடுத்தது வாசலில் நிற்பது நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல.

சரி, நற்செய்தியில் வரும் கைம்பெண்ணுக்கு யார் இருந்தார்கள்? அவருக்கு ஆரோனும் இல்லை, கூரும் இல்லை. இயேசுவின் காலத்தில் ஒரு பெண்ணுக்காக வழக்காடப் பெரும்பாலும் கணவனோ, தந்தையோ, மகனோ வருவார்கள். இந்தப் பெண் தானே வந்து நிற்கிறார் என்றால், வர வேறு ஆள் இல்லை என்று பொருள். கையூட்டுக் கொடுக்கவும் வழியில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கால்கள் மட்டும்தான்.

இந்த உவமையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கடவுள் அந்த நடுவரைப் போன்றவர், நச்சரித்தால் இரங்குவார் என்று எண்ணிக்கொள்கிறோம். இயேசு சொல்வது அதற்கு நேர் எதிரானது. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதிக்காத ஒருவனே கடைசியில் அசைந்து கொடுத்தான் என்றால், தம் பிள்ளைகளின் குரலுக்காகக் காத்திருக்கும் தந்தை எவ்வளவு விரைந்து வருவார் என்பதுதான் கதையின் ஓட்டம். ஆனால் இயேசு அதோடு நிறுத்தவில்லை. மானிடமகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரா என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போகிறார். பதில் அவரும் சொல்லவில்லை, லூக்காவும் எழுதவில்லை.

அன்பு நேயர்களே, அந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே ஒருவர் பதிலாக வாழ்ந்தார். இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் தெற்கே பேருந்து ஏறினால் அரைநாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். அவர்தான் நட்டாலத்தில் பிறந்த புனித தேவசகாயம். அவருடைய மறைசாட்சியத்தை நாம் அறிவோம். அந்த மறைசாட்சியத்துக்கு முன்னால் அவருடைய கையைத் தாங்கியவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் நல்ல பதவியில் இருந்தவர். வசதியான குடும்பம். ஆனால் ஒரு கட்டத்தில் அடிமேல் அடி விழுந்தது. கால்நடைகள் மடிந்தன. பயிர் பொய்த்தது. குடும்பத்தில் துயரம். மனம் உடைந்து நடமாடிய அவரைக் கவனித்தவர், உதயகிரிக் கோட்டையில் அவரோடு பழகிய ஓர் அயல்நாட்டுக்காரர், டிலனாய்.

இந்த டிலனாய் யார் என்று தெரிந்தால்தான் கதையின் ஆழம் புரியும். 1741ஆம் ஆண்டு குளச்சலில் திருவிதாங்கூர்ப் படைக்கும் டச்சுக்காரர்களுக்கும் போர் நடந்தது. டச்சுப் படை தோற்றது. தோற்ற படையின் தலைவர்களில் ஒருவர் டிலனாய். சிறைப்பட்டவர், பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி தருபவராக மாறினார். சொந்த நாட்டுக்குத் திரும்பாமலே உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். இன்றும் அங்கே அவருடைய கல்லறை இருக்கிறது. நாடு, உறவு, படை எல்லாவற்றையும் இழந்து, தோற்கடித்தவர்களிடமே ஊழியம் பார்த்த ஒரு மனிதர், தோற்கடித்த நாட்டின் அதிகாரியின் முகவாட்டத்தைக் கவனித்து, "என்ன ஆயிற்று?" என்று கேட்கிறார்.

கேட்டுவிட்டு அவர் சொன்னது யோபுவின் கதை. கால்நடைகளை இழந்தவருக்கு, கால்நடைகளை இழந்தவரின் கதை. இதைவிடப் பொருத்தமான மறைக்கல்வி வகுப்பு இருக்க முடியாது. யோபு நூலில் அவருடைய மூன்று நண்பர்கள் வருகிறார்கள் அல்லவா? அவர்களைப் பற்றி நாம் எப்போதும் குறையாகவே பேசுவோம். ஆனால் அவர்கள் வந்ததும் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. துக்க வீட்டுக்குப் போகும் நாம், குறிப்பாக என்னைப் போன்ற குருக்கள், இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யோபுவின் கடவுளை நீலகண்டன் தேடினார். டிலனாய் அவரை வடக்கன்குளத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். பரஞ்சோதிநாதர் என்று தமிழ்ப் பெயர் பூண்டிருந்த இத்தாலியர் அவர். 1745ஆம் ஆண்டு மே 14 அன்று அங்கே நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தரப்பட்டது. எலயாசர் என்ற எபிரேயப் பெயரின் வடிவம் அது. கடவுள் துணை செய்தார் என்பது அதன் பொருள். அதைத்தான் தேவசகாயம் என்று தமிழில் வைத்தார்கள். அவருடைய துணைவியார் பார்கவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசா என்ற பெயரின் தமிழ் வடிவமாக அவருக்கு வழங்கிய பெயர் இது.

இனிமேல்தான் நம் கேள்வி எழுகிறது. யோபுவுக்கு இழந்தவை எல்லாம் இருமடங்காகத் திரும்பி வந்தன. அந்தக் கதையைக் கேட்டு நம்பியவருக்கு என்ன திரும்பி வந்தது?

ஒன்றும் திரும்பி வரவில்லை. எல்லாச் சாதியாரோடும் சமமாக உட்கார்ந்தார், சமமாகப் பேசினார், மனிதர் யாவரும் கடவுள் முன் ஒன்று என்று போதித்தார். அது பலரை வெகுண்டெழச் செய்தது. 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று கைது செய்யப்பட்டார். சிறை, சாட்டை, பிரம்படி, காயத்தில் மிளகாய்ப் பொடி. எருமைமீது பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டி வைத்திருந்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் முழந்தாளிட்டுச் செபித்து, முழங்கையால் பாறையில் இடித்தபோது தண்ணீர் சுரந்தது என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. முட்டிடிச்சான்பாறை என்று இன்றும் அந்த இடத்தைத் தேடி மக்கள் போகிறார்கள். இரபிதிமின் பாறையை இங்கே நினைக்காமல் இருக்க முடியுமா? இரபிதிமைப் போலவே இங்கும் தண்ணீர் வந்தது, துன்பம் மட்டும் நிற்கவில்லை. 1752ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு. அவருடைய உடலின் எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் புனிதராக உயர்த்தப்பட்ட முதல் மனிதர் அவர்.

கடவுள் துணை என்ற பெயரைத் தாங்கியவருக்கு, கடவுள் எங்கே துணை செய்தார்? காற்றாடிமலையின் அடியில் நின்று இந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்டிருக்கிறேன். இன்றைய பதிலுரைப் பாடலான திருப்பாடல் 121 அங்கே என் நினைவுக்கு வந்தது. எருசலேமுக்குத் திருப்பயணம் போனவர்கள் பாடிய பாடல் அது. மலைகளைப் பார்த்து, எங்கிருந்து உதவி வரும் என்று கேட்பதில் தொடங்குகிறது. மலை நமக்கு அழகு. அந்தக் காலத் திருப்பயணிக்கு மலை என்றால் கள்வர், விலங்கு, வழுக்குப்பாறை. எனவே உதவி மலையிலிருந்து வருவதாகத் திருப்பாடல் சொல்லவில்லை, மலையைப் படைத்தவரிடமிருந்து வருவதாகச் சொல்கிறது. பாதையே இருக்காது, வெயிலே அடிக்காது என்றும் அது வாக்களிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் கண்ணயராமல் ஒருவர் காத்திருக்கிறார் என்கிறது. இராசபாளையத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழக்கே சஞ்சீவி மலை, மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. ஐப்பசியில் மேகம் இறங்கிவிட்டால் மேற்கே மலை இருப்பதே தெரியாது. மலை எங்கும் போய்விடவில்லை என்பது அங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும்.

தேவசகாயம் மலையைப் பார்க்க முடியாத மூன்று ஆண்டுகளை அப்படித்தான் கடந்தார். ஆனால் தனியாகக் கடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். கதை சொன்ன ஒரு போர்க்கைதி, கற்றுக்கொடுத்த ஒரு குரு, அரண்மனை வாழ்வை விட்டுத் தன்னோடு நம்பிக்கையில் நடந்த மனைவி, வேப்பமரத்தடிக்குத் தேடி வந்த பெயர் தெரியாத எளிய மக்கள். இவர்கள் யாரும் அவரை விடுவிக்கவில்லை. விடுவிக்க அவர்களால் முடியாது. கை கீழே விழாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மனம் வலிக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கட்டப்பட்ட ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்கார வைக்கச் சுவர் இருந்தது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவே சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தபோது, எங்கள் உரிமை போயிற்று என்று ஒரு சாரார் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது, அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. சமத்துவத்துக்காக அடிபட்டவரின் ஞானத்தாய் ஊரிலேயே இந்த நிலை! ஆரோன் மோசேயின் கையைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் தொடவேண்டும். தொட மறுக்கும் இடத்தில் ஒருவரையொருவர் தாங்குவது எப்படி? சுவர் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில், திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்ற பேச்சில், திருமணப் பேச்சில் அது எங்கெங்கே நிற்கிறது என்பதை இதைக் கேட்கிற ஒவ்வொருவரும் அறிவோம்.

தேர் என்றதும் திருவில்லிபுத்தூர்த் தேர் நினைவுக்கு வருகிறது. ஆடிப்பூரத்தன்று அந்தப் பெரிய தேர் நகர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர் கூடித் தேர் இழுப்பது என்ற சொல்லின் பொருள். அதே ஊரில், மார்கழி விடியலில் நம் இந்து சகோதர சகோதரிகள் திருப்பாவை பாடுகிறார்கள். அந்தப் பாடல்களில் ஆண்டாள் தனியாகக் கோவிலுக்குப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தூங்கும் தோழியை எழுப்பி, கூட்டிக்கொண்டு போகிறார். முப்பது பாசுரங்களில் கணிசமானவை இந்த எழுப்புதலுக்கே போய்விடுகின்றன. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதும் வழிபாட்டில் ஒரு பகுதி என்பதை நம் அயலாரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

நம் திரு அவையில் அதற்காகவே அன்பியங்கள் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு சில குடும்பங்கள் ஒன்றுகூடி, இறைவார்த்தையை வாசித்து, செபித்து, ஒருவர் தேவையை மற்றவர் அறிந்துகொள்ளும் குழு. நடைமுறையில் என்ன நடக்கிறது? செபமாலை சொல்கிறோம். காணிக்கை பிரிக்கிறோம். திருவிழாவுக்கு யார் எந்த நாள் உபயம் என்று பேசுகிறோம். காப்பி குடித்துவிட்டுக் கலைகிறோம். இவை எதுவும் தவறில்லை. ஆனால் வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கும் வழக்கம் குறைந்துவிட்டது.

இராசபாளையத்து அம்மாவின் கதைக்குத் திரும்புகிறேன். மறுநாள் காலை பங்குத்தந்தையின் அனுமதியோடு அந்தப் பகுதி அன்பியப் பொறுப்பாளரை அழைத்துக் கேட்டேன். அவருடைய வீடு, இந்த அம்மாவின் வீட்டிலிருந்து நான்காவது வீடு. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "நைட் ஷிப்டு போறதால வரலைன்னு நெனச்சுக்கிட்டோம் ஃபாதர்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. மற்றவரிடம் கேட்டால், "நான் போய்ச் சொன்னா, கடன் கேட்க வந்திருக்கான்னு நெனப்பாங்க சாமி. அதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்" என்றார். ஒருவர் வராததைக் கவனிக்கவில்லை. மற்றவர் வந்து சொல்லவில்லை. இருவருமே நல்லவர்கள். நான்கு வீட்டுத் தூரத்தில் ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன.

இதில் இரண்டாவது தவறைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையைத் தாங்கச் சொல்வதும் தாழ்ச்சிதான். மோசே எவ்வளவு பெரிய தலைவர்! போர்க்களத்தில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில், இரண்டு பேர் தன்னைப் பிடித்துக்கொள்ள அவர் சம்மதித்தார். நான் மோசே, எனக்கு எதற்கு ஆள் என்று அவர் கையை உதறியிருந்தால் அன்று மாலை என்ன ஆகியிருக்கும்? நம் ஊரில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது. அதற்காக எத்தனை குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கடனில் மூழ்குகின்றன. இயேசுவே கெத்சமனியில் மூன்று சீடரைக் கூப்பிட்டு, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள் என்பது வேறு. ஆனால் அவர் கேட்டார். இறைமகனே கேட்டபோது, நாம் கேட்பதில் என்ன இழிவு?

தியானம் முடிந்து நான் திரும்பிவிட்டேன். அதன்பின் நடந்ததைப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொல்லித்தான் அறிவேன். பெரிய அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஐந்து குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டன. அம்மா இரவு ஷிப்டு போகும் நாள்களில் ஒரு வீட்டிலிருந்து யாராவது ஒருவர் போய் அந்தக் கணவருக்குத் திரும்பிப் படுக்க உதவுகிறார். மில்லிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர், தவணைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அம்மாவோடு கடன் கொடுத்தவர்களிடம் போய்ப் பேசி, கட்டும் தொகையைக் குறைத்து நாளை நீட்டித்து வாங்கியிருக்கிறார். வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதந்தோறும் அரிசி தருகிறார்கள். முதல் மாதம் அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டாராம். இரண்டாம் மாதம் வாங்கிக்கொண்டார். கணவர் இப்போது சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வருகிறார். தறி வேலைக்கு அவர் திரும்ப முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது மாறவில்லை. அதற்காகவும் செபித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தச் செபம் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. தேவசகாயத்தின் மூன்று ஆண்டுகளை வாசித்த பிறகு, தெரியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. இன்னொரு செய்தி மட்டும் தெரியும். யோபு நூலின் கடைசி அதிகாரத்தில், யோபு தன் நண்பர்களுக்காக மன்றாடியபோதுதான் ஆண்டவர் அவருடைய நிலையை மாற்றினார் என்று வருகிறது. தன் புண் ஆறுவதற்கு முன்பே அவர் பிறருக்காகக் கை உயர்த்தினார். தவறாகப் பேசிய அதே நண்பர்களுக்காக. தாங்கப்பட்டவர் தாங்குகிறவராக மாறுவது அங்கே நடக்கிறது.

இந்தச் செபமாலை மாதத்தில் அன்பியங்களில் வீடுவீடாகச் செபமாலை நடக்கிறது அல்லவா? சென்ற வாரம் பொறுப்பாளர் மீண்டும் அழைத்தார். பட்டியல் போட்டபோது அந்த அம்மா தானே எழுந்து, வருகிற புதன்கிழமை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அன்றைய கருத்து, அதே தெருவில் டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் இன்னொரு குடும்பத் தலைவருக்காக. அந்தக் குடும்பம் நம் சபையைச் சேர்ந்தது அல்ல, அதனால் என்ன என்று கேட்டிருக்கிறார். வீட்டில் நாற்காலி இரண்டுதானாம். வருகிறவர்கள் ஆளுக்கொரு பாய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.